ஒன்றும் நடக்கவில்லையே என்பவர்களுக்கு

ஒய்டூகே, அதாவது 2000-ம் ஆண்டுக் கணினித் தேதிப் பிழை, என்று பேச்செடுத்தாலே பலருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "2000 பிறந்ததும் விமானமெல்லாம் விழும்னாங்களே, ஒண்ணாவது விழுந்துச்சா?" என்று தொடங்கி, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் உலகத்தையே ஏமாற்றி அள்ளிக்கொண்டு போன கதையாக அது முடியும். டீக்கடையோடு நின்றால் பரவாயில்லை. படித்தவர்கள் எழுதும் பத்திகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் இதே கதைதான். கிருமியோ பருவநிலையோ, புதிதாக ஓர் எச்சரிக்கை வந்தால் "இதுவும் ஒய்டூகே மாதிரிதான்" என்று ஒரே வரியில் ஊதித் தள்ளுகிறார்கள். கால் நூற்றாண்டாகச் சொல்லிச் சொல்லி, யாரும் சரிபார்க்கத் தேவையில்லாத பொது அறிவாகவே இது ஆகிவிட்டது.

இந்தப் பொது அறிவு முழுக்கத் தவறு. ஒன்றும் நடக்கவில்லை என்பதே முதலில் உண்மையில்லை. பெரிதாக எதுவும் நடக்காததை வைத்து, நடப்பதற்கே எதுவும் இருக்கவில்லை என்று முடிவுகட்டுவது அதைவிடப் பெரிய தவறு.

பிரச்சினை எங்கே இருந்தது என்று பார்த்துவிடலாம். 1960-களில் கணினி நினைவகம் யானை விலை. தரவு ஏறியது 80 பத்திகள் கொண்ட துளை அட்டையில். பெயர், கணக்கு எண், தொகை எல்லாம் அந்த 80-க்குள் அடங்க வேண்டும். ஒவ்வொரு தேதியிலும் '19' என்று இரண்டு இடத்தை வீணாக்க எவருக்கும் மனம் வராது. அதனால் 1965 என்பதை 65 என்று எழுதினார்கள். அன்றைய கணக்குக்கு அது நியாயமான சிக்கனம். அந்த நிரல்கள் முப்பது வருடம் கழித்தும் ஓடிக்கொண்டிருக்கும் என்று எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை. முன்பு ஐபிஎம்மில் இருந்த பாப் பெமர் 1971-லேயே இதைச் சுட்டிக்காட்டினார், 1979-ல் மறுபடியும் எழுதினார். காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை.

ஓர் ஓய்வூதிய நிரலை எடுத்துக்கொள்வோம். ஆள் பிறந்தது 1935, பதிவில் 35. நடப்பு ஆண்டு 99. 99-லிருந்து 35 போக 64. சரியான வயது. அடுத்த ஆண்டு 00. அதிலிருந்து 35-ஐக் கழித்தால் மைனஸ் 35. மைனஸில் வயது வந்தால் யாருக்கும் உறைக்குமே என்று தோன்றும். ஆனால் வயதை வைக்கும் இடத்தை கோபோல் மொழியில் 'பிக் 99' என்று அறிவித்திருந்தால், அங்கே இரண்டு இலக்கத்துக்கு மட்டும்தான் இடம். கூட்டல் கழித்தல் குறிக்கு இடமே கிடையாது. மைனஸ் உதிர்ந்து, 35 என்று பதிவாகும். 65 வயதில் ஓய்வூதியம் தொடங்க வேண்டியவர் 35 வயது இளைஞராகிவிட்டார். திரையில் எச்சரிக்கை எதுவும் வராது. பார்த்தால் நம்பும்படியான ஒரு தவறான எண் அடுத்த நிரலுக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த நிரலுக்கு. இப்படிப்பட்ட பிழையிடம் போய் "ஏன் வெடிக்கவில்லை?" என்று கேட்டால் என்ன சொல்வது?

இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் நடந்தது இந்த வகைப் பிழைதான். கருவில் இருக்கும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும் வாய்ப்பைக் கணிக்கும் பரிசோதனையில் தாயின் வயது முக்கியமான அளவு. வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறும். 2000 ஜனவரியில் அங்கிருந்த ஆய்வகக் கணினி தாய்மாரின் வயதைத் தப்பாகக் கணக்கிடத் தொடங்கியது. ரத்தம் எடுத்தார்கள், அறிக்கை அச்சாகி வந்தது, மருத்துவர்கள் படித்துச் சொன்னார்கள். எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலவே நடந்தது. பிழை கண்டுபிடிக்கப்பட்டது மே 24-ல். அதற்குள் 154 பெண்களுக்குத் தவறான கணிப்பு போயிருந்தது. ஜனவரி 2-ம் தேதிப் பத்திரிகைகள் 'புஸ்வாணம்' என்று எழுதி முடித்துவிட்ட பிறகும் ஐந்து மாதம் ஓடிய பிழை இது. ஒன்றும் நடக்கவில்லை என்பவர்கள் அந்தப் பெண்களில் ஒருவரிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

மற்றவை இன்னும் உண்டு. அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் அனுப்பும் தரவைப் பிரித்தெடுக்கும் தரைநிலையக் கணினி அமைப்பு அந்தப் புத்தாண்டிலேயே படுத்துவிட்டது. முதல் சில மணி நேரம் எதுவுமே கிடைக்கவில்லை, முழுதாகச் சரியாகச் சில நாட்கள் பிடித்தன. உலகின் மிக வலிமையான ராணுவத்துக்கு நடந்தது இது. ஜப்பானில் ஷிகா அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சு கண்காணிப்புக் கருவி நள்ளிரவு கடந்ததும் செயலிழந்தது. பிரிட்டனில் ஜனவரி வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. ராக்கால் நிறுவனம் தயாரித்த கார்டு தேய்க்கும் இயந்திரங்கள் சில நாள் முன்னோக்கிக் கணக்குப் பார்ப்பவை என்பதால் டிசம்பர் 28-லேயே ஆயிரக்கணக்கான கடைகளில் மக்கர் செய்தன. நியூயார்க் மாநிலத்தில் ஒரு வீடியோ கடை, நூறு வருடமாகக் கேசட்டைத் திருப்பித் தரவில்லை என்று ஒரு வாடிக்கையாளருக்கு 91,250 டாலர் தாமதக் கட்டணம் போட்டது. பத்திரிகைகள் விரும்பி அச்சிட்டது இந்த வீடியோ கடையைத்தான்.

"சரி, இவ்வளவுதானே? சொன்னது பிரளயம், வந்தது தூறல்" என்பார்கள். பிரளயம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. அமெரிக்காவில் டப்பா உணவும் ஜெனரேட்டரும் வாங்கிக் குவித்துக் காட்டுப்பக்கம் போனவர்கள் உண்டு; நாகரிகமே முடியப்போகிறது என்று எழுதிக் காசு பார்த்தவர்களும் உண்டு. ஆனால் வேலை செய்த பொறியாளர்கள் விமானம் விழும் என்று பயந்து வேலை செய்யவில்லை. சம்பளப் பட்டியல், வட்டிக் கணக்கு, சரக்கு இருப்பு, காப்பீட்டுக் காலாவதி போன்ற சலிப்பூட்டும் இடங்களில்தான் அவர்கள் தேதியைத் தேடினார்கள். தீர்க்கதரிசிகளின் உளறலை வைத்துத் தொழிலாளிகளின் வேலையை எடைபோடுவது என்ன நியாயம்?

"நாங்கள் வேலை செய்ததால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று எவர் வேண்டுமானாலும் சொல்லலாமே, அதை எப்படி நம்புவது?" என்ற கேள்வி கொஞ்சம் கூர்மையானது. பொதுவாகப் பார்த்தால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மந்திரவாதியும் அப்படித்தான் சொல்வான். ஆனால் ஒய்டூகே விஷயத்தில், சரிசெய்யாமல் விட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது நம் கற்பனைக்கு விடப்பட்ட சங்கதி இல்லை. அதை ஓட்டியே பார்த்தார்கள். கணினியின் கடிகாரத்தை 1999 டிசம்பர் 31, இரவு 11:55-க்குத் தள்ளி வைத்துவிட்டு, நள்ளிரவு கடக்கும்போது நிரல் என்ன செய்கிறது என்று உட்கார்ந்து கவனிப்பதுதான் சோதனை. 1999 பிப்ரவரியில் பென்சில்வேனியாவின் பீச் பாட்டம் அணுமின் நிலையத்தில் இப்படி ஒரு சோதனையின்போது கட்டுப்பாட்டு அறையின் கண்காணிப்புக் கணினிகள் முடங்கி, மணிக்கணக்கில் திரும்பி வரவில்லை. அதே ஆண்டு ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் ஒய்டூகே ஒத்திகை நடத்தப்போய், பல லட்சம் காலன் கழிவுநீர் ஒரு பூங்காவுக்குள் பாய்ந்தது. சோதனையில் தடுக்கி விழுந்ததால்தான் அந்த இரவில் விழவில்லை.

சோதனைக்கு வெளியிலும் சாட்சி உண்டு. 2000-ல் காலாவதியாகும் கிரெடிட் கார்டுகள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்டன. மிச்சிகனில் வாரன் என்ற ஊரில் ஒரு காய்கறி, மளிகைக் கடை. காலாவதி ஆண்டு '00' என்ற கார்டைத் தேய்த்தால் கடையின் பில் போடும் இயந்திரங்கள் மொத்தமாக உறைந்துவிடும். வரிசையில் நின்றவர்கள் சாமான்களைப் போட்டுவிட்டுப் போனார்கள். 1997-ல் கடைக்காரர் இயந்திரம் விற்றவர்கள்மேல் வழக்குப் போட்டார். ஒய்டூகே தொடர்பாக நீதிமன்றத்துக்குப் போன முதல் வழக்கு அதுதான். பிரச்சினை கட்டுக்கதை என்றால் அந்தக் கடையின் கல்லாவை உறையவைத்தது எது?

செலவு அதிகம் என்பது அடுத்த புகார். உலக அளவில் 30,000 கோடி டாலரிலிருந்து 60,000 கோடி டாலர் வரை ஆகும் என்று கார்ட்னர் ஆய்வு நிறுவனம் கணித்திருந்தது. இதில் வீண்செலவு கலந்திருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பழைய கணினியைத் தூக்கிப்போட நெடுநாளாகக் காத்திருந்த துறைகள் ஒய்டூகே பெயரைச் சொல்லிப் புதிது வாங்கிக்கொண்டன. ஆலோசனை நிறுவனங்கள் பயத்துக்குத் தக்க விலை வைத்தன. ஆனால் ஒரு வேலையில் சிலர் கொள்ளையடித்தார்கள் என்பதால் அந்த வேலையே தேவையற்றது ஆகிவிடுமா? அப்படிப் பார்த்தால் நம் ஊரில் ஒரு பாலமும் தேவைப்பட்டிருக்காது.

மறுப்பாளர்களில் மதிக்கத்தக்கவர் ஆஸ்திரேலியப் பொருளாதார அறிஞர் ஜான் குவிக்கின். அவர் வாதம் டீக்கடை வாதம் இல்லை. இத்தாலி, ரஷ்யா போன்ற நாடுகள் மிகத் தாமதமாகத் தொடங்கின, மிகக் குறைவாகச் செலவழித்தன. அங்கேயும் பேரழிவு வரவில்லை. சிறு வியாபாரிகள் பலரும் பள்ளிக்கூடங்களும் பெரிதாக எதுவும் செய்யாமலே தப்பித்தனர். அப்படியானால் உடைந்த பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று பல இடங்களில் விட்டிருக்கலாமே என்கிறார்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். ஒரு பள்ளிக்கூட நூலகக் கணினி ஜனவரி 3-ம் தேதி தப்பாகத் தேதி காட்டினால் குடி முழுகிவிடாது. அதற்கு ஆலோசகர் வைத்தது அதிகப்படிதான். ஆனால் தாமதமாகத் தொடங்கியவர்கள் எதைப் பயன்படுத்தித் தப்பித்தார்கள் என்பதை இந்த வாதம் கணக்கில் எடுப்பதில்லை. இத்தாலிய வங்கியில் ஓடிய இயங்குதளமும் தரவுத்தளமும் பெரும்பாலும் அமெரிக்க நிறுவனங்கள் செய்தவை. அவற்றைத் திருத்தும் செலவை மற்றவர்கள் ஏற்றிருந்தார்கள். திருத்திய பதிப்பு அங்கே வந்து சேர்ந்தது. ஊரில் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று என்பதால் போடாத பிள்ளைக்கும் அம்மை வராமல் போகும். அந்தப் பிள்ளையைக் காட்டி ஊசியே வீண் என்று சொல்ல முடியுமா? ரஷ்யாவும் சும்மா இருந்துவிடவில்லை. ஏவுகணை எச்சரிக்கைத் திரையில் தவறான புள்ளி தெரிந்து யாரும் பொத்தானை அழுத்திவிடக் கூடாது என்பதற்காக, கொலராடோவின் பீட்டர்சன் விமானப்படைத் தளத்தில் ரஷ்ய அதிகாரிகளும் அமெரிக்க அதிகாரிகளும் 1999 டிசம்பர் கடைசியிலிருந்து ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். பனிப்போர்க் காலத்தில் நினைத்தே பார்க்க முடியாத காட்சி. உடைந்த பிறகு சரிசெய்யலாம் என்பதற்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: உடைவது ஒன்றிரண்டாக இருக்க வேண்டும். எல்லாரும் ஒரே காலையில் கோபோல் தெரிந்த ஆளைத் தேடினால் ஆளுக்கு எங்கே போவது?

அந்த ஆளாக இருந்தவர்களில் நம்மவர்களும் கணிசம். 90-களின் பிற்பாதியில் சென்னையில் கோபோலும் மெயின்ஃபிரேமும் சொல்லித்தரும் வகுப்புகள் நிரம்பி வழிந்தன. இயற்பியலும் கணிதமும் படித்த பிள்ளைகள் சில மாதப் பயிற்சியோடு அமெரிக்கா போனார்கள். எச்1பி விசாவின் ஆண்டு வரம்பை 65,000-லிருந்து 1,15,000 ஆக்க 1998-ல் அங்கே சட்டமே போட்டார்கள். போனவர்கள் செய்தது கவர்ச்சியான வேலை இல்லை. யாரோ எப்போதோ எழுதி ஓய்வுபெற்றுப் போய்விட்ட நிரலை வரிவரியாகப் படிக்க வேண்டும். தேதி என்று பெயரில்லாத இடத்திலும் தேதி ஒளிந்திருக்கும். கணக்கு எண்ணின் நடுவில் இரண்டு இலக்கமாக ஆண்டு செருகப்பட்டிருக்கும். கண்டுபிடித்து, இரண்டை நான்காக்கி, அதோடு பேசும் மற்ற நிரல்களையும் மாற்றி, மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். "தமிழ்நாட்டு ஐடி வளர்ச்சிக்கே ஒய்டூகேதான் பிள்ளையார் சுழி" என்று மேடையில் பெருமைப்படுகிறவர்களே, கீழே இறங்கியதும் "அது சுத்த டுபாக்கூர்" என்று சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் அந்தப் பிள்ளைகள் ராக்கண் விழித்துத் திருத்தியது எதை?

வேலை செய்தவர்கள் அன்று எப்படி இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறைத் தலைவர் ஜேன் கார்வி, பயமில்லை என்று காட்ட அந்த இரவில் விமானத்தில் பறந்தார். அதிபர் கிளிண்டன் இதற்காகவே அமர்த்திய ஜான் காஸ்கினென் வாஷிங்டனில் கண்காணிப்பு மையத்தில் இருந்தார். நியூசிலாந்தில் விடிந்தது, விளக்கு அணையவில்லை. ஆஸ்திரேலியா, ஜப்பான், ஐரோப்பா என்று நள்ளிரவு மேற்கே நகர்ந்தது, எங்கும் பெரிய சேதமில்லை. நிம்மதி வந்தது. ஆனால் அவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போகவில்லை. ஜனவரி 1 சனிக்கிழமை. அலுவலகங்கள் முழுவீச்சில் திறக்கும் திங்கள் பார்க்க வேண்டும், மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு பார்க்க வேண்டும், பிப்ரவரி 29 பார்க்க வேண்டும். நூறால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டாகாது, ஆனால் நானூறால் வகுபட்டால் ஆகும். இந்த இரண்டாம் பாதியை மறந்த நிரல்களுக்கு 2000-ல் பிப்ரவரி 29 கிடையாது. ஜப்பானில் அஞ்சல் துறையின் ஏடிஎம்கள் ஆயிரத்துக்கும் மேல் அன்று நின்றுபோயின. அந்த ஆண்டின் 366-வது நாளான டிசம்பர் 31-ல் நார்வேயில் விமான நிலைய ரயில்கள் கிளம்ப மறுத்தன. கடிகாரத்தை ஒரு மாதம் பின்னுக்குத் தள்ளிவைத்துத்தான் ஓட்டினார்கள். 2001 ஜனவரி 1-ல் அமெரிக்காவின் செவன் இலெவன் கடைகளில் கார்டு இயந்திரங்கள் 1901-க்குப் போய்விட்டன. நிம்மதிப் பெருமூச்சு விட்டபடியே ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தவர்கள் சரியாகத்தான் இருந்தார்கள். கைகொட்டிச் சிரித்துவிட்டுத் தூங்கப் போன பொதுக்கருத்துதான் கோட்டை விட்டது.

ஏனென்றால் அன்று செய்த திருத்தங்களில் கணிசமானவை நிரந்தரத் தீர்வே இல்லை. கோடிக்கணக்கான பதிவுகளில் இரண்டு இலக்கத்தை நான்காக்க நேரமில்லாத இடங்களில் ஒரு குறுக்குவழி போட்டார்கள். ஆண்டு 20-க்குக் குறைவாக இருந்தால் முன்னால் 20 சேர், இல்லாவிட்டால் 19 சேர். 05 வந்தால் 2005. 75 வந்தால் 1975. எல்லைக்கோட்டை எங்கே வைப்பது என்பது நிரலுக்கு நிரல் மாறியது, 20 ஒரு வசதியான இடமாக இருந்தது. அதற்குள் இந்த நிரலை மாற்றிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள், துளை அட்டைக்காரர்கள் நினைத்த அதே நினைப்பு. 2020 பிறந்தபோது அப்படி விடப்பட்ட நிரல்கள் 1920-க்குப் போயின. ஸ்ப்ளங்க் என்ற மென்பொருள் நிறுவனம் 2019 இறுதியில் தன் வாடிக்கையாளர்களுக்கு அவசர பேட்ச் போடச் சொன்னது, இரண்டு இலக்கத்தில் வரும் '20' அதன் மென்பொருளுக்குப் புரியாது என்பதால். அதே புத்தாண்டில் நியூயார்க் நகரத்தின் பார்க்கிங் மீட்டர்கள் கார்டுகளை வாங்க மறுத்தன. மென்பொருளில் குறித்து வைத்திருந்த கடைசித் தேதியை யாரும் நீட்டித்திருக்கவில்லை.

இடையில் 2010-ம் தன் பங்குக்கு அடித்தது. ஜெர்மனியில் சுமார் 3 கோடி வங்கிக் கார்டுகளின் சிப்புக்கு அந்த ஆண்டைப் படிக்கத் தெரியவில்லை. புத்தாண்டு விடுமுறைக்குப் போனவர்கள் கையில் பணமில்லாமல் நின்றார்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு வங்கியின் கார்டு இயந்திரங்கள் 2009-லிருந்து நேராக 2016-க்குத் தாவின. 2024 பிப்ரவரி 29-ல் நியூசிலாந்தில் ஆளில்லாத பெட்ரோல் பங்குகள் பல மணி நேரம் முடங்கின. லீப் நாள் நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் இந்த லட்சணம்.

2022 புத்தாண்டன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர்களில் மின்னஞ்சல்கள் தேங்கின. தேதியை ஒரே எண்ணாக, ஆண்டில் தொடங்கி 2201010001 என்று எழுதி, அதை 32 பிட் இடத்தில் வைக்கப் பார்த்தார்கள். அந்த இடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647. எக்ஸ்சேஞ்சில் பேட்ச் வந்தது, அஞ்சல் நகர்ந்தது. ஆனால் இதே 2147483647 வேறொரு இடத்தில் இதைவிடப் பெரிய வேலையோடு காத்திருக்கிறது. யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணித்தான் நேரம் சொல்கின்றன. 32 பிட்டில் எண்ணுபவை 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு, அந்த எண்ணைத் தொடும். அடுத்த விநாடி, கிரீன்விச் நேரப்படி, 1901 டிசம்பர் 13.

இதற்கும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் 32 பிட் பதிப்பில் தேவையான மாற்றங்கள் 2020-ல் வந்த 5.6-ல் பெரும்பாலும் முடிந்தன. டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் ஆயிரக்கணக்கான மென்பொருள் தொகுப்புகளை மறுபடி கட்டியெடுத்தன. புதிய கணினிகள் 64 பிட்டில் எண்ணுவதால் அவற்றுக்குக் கவலை குறைவு. கவலை, சுவரில் பொருத்திவிட்டு மறந்துபோன பெட்டிகளைப் பற்றியும், கெர்னல் திருந்தியும் தானே பழைய வடிவில் தேதியைச் சேமித்துவைக்கும் நிரல்களைப் பற்றியும்தான். அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கப் பணம் ஒதுக்கச் சொன்னால், ஒதுக்கும் இடத்தில் இருப்பவர் "இப்படித்தான் 2000-லயும் சொன்னாங்க" என்று கோப்பை மூடிவிடலாம். ஒய்டூகே ஒரு பூச்சாண்டி என்ற கதையால் வரும் உண்மையான கேடு இதுதான்.

இன்னும் காலம் இருக்கிறது என்ற சமாதானமும் வேலைக்காகாது. முப்பது வருட வீட்டுக் கடன் கொடுத்த அமெரிக்க நிறுவனங்களுக்கு 2000 என்ற ஆண்டு 1970-லேயே வந்துவிட்டது. அதுபோல இங்கே 2018-ல் இருபது வருடத் தவணையில் கடன் வாங்கியவருக்கு 2038 அன்றே வந்துவிட்டது. இப்போது அதே தவணையில் வாங்குபவரின் அட்டவணையோ அந்த ஜனவரியை வருடக்கணக்கில் தாண்டிப் போகிறது. வங்கித் தணிக்கையாளர்கள் அப்படிப்பட்ட கணக்குகள் சிலவற்றை எடுத்து, 2038 ஜனவரி 19-க்குப் பிந்தைய தவணைகளின் தேதியையும் வட்டியையும் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். அதற்கு ஆலோசனை நிறுவனம் எதுவும் வேண்டாம், கால்குலேட்டர் போதும்.